பொது ப்ராஞ்சை இரண்டு முறை ரீசெட் செய்தேன்

எங்கள் டீமின் பொது ப்ராஞ்சை (கோடின் ஒரு கிளை) இதுவரை இரண்டு முறை ரீசெட் செய்திருக்கிறேன், அதாவது பழைய நிலைக்குத் திருப்பியிருக்கிறேன்: முதலில் ரிலீஸ் ப்ராஞ்சை, பிறகு இன்டெக்ரேஷன் ப்ராஞ்சை. முதல் முறை ஒரே கமாண்டில் முடிந்தது; அதன் பின்விளைவை ஐந்து நாள் அனுபவித்தேன். இரண்டாவது முறைக்கு இரண்டு நாள் தயாரானேன். கெரிட் (கோடை மற்றவர்கள் பார்த்து ஒப்புக்கொள்ளும் ரிவியூ கருவி) வைத்து வேலை செய்கிறவர்களுக்கு இரண்டுமே உதவும் என்று எழுதி வைக்கிறேன்.

2020இல் லேப்டாப்போடு ஊருக்கு வந்தவன், அப்படியே தங்கிவிட்டேன். காரைக்குடியிலிருந்து கொஞ்சம் தள்ளி, பள்ளத்தூர் பக்கம் எங்கள் வீடு. எங்கள் வீடு என்றால் எனக்கு மட்டுமானது இல்லை, ஏழு புள்ளிக்குப் பொதுவான பங்காளி வீடு. கல்யாணமான ஒவ்வொரு குடும்பமும் ஒரு புள்ளி. வளவை, அதாவது நடு முற்றத்தை, சுற்றி வரிசையாக அறைகள், புள்ளிக்கு ஒன்று, ஒவ்வொன்றிலும் ஒரு பூட்டு. பாதிப் பேர் சென்னையில், மீதிப் பேர் மலேசியாவில். நிரந்தரமாக இருப்பது அப்பத்தாவும் நானும்தான். வளவில் ஒரு தேக்குத் தூணோரம் மேசை போட்டு, அங்கிருந்துதான் வேலை. டீமில் ஒன்பது பேர். பெரும்பாலும் சென்னை, ஒரு தம்பி மட்டும் தேவகோட்டை.

கெரிட் பழக்கமில்லாதவர்களுக்கு இரண்டு வரி. கமிட்டை (கோடில் செய்த ஒரு மாற்றத்தின் பதிவு) நேராக ப்ராஞ்சுக்கு அனுப்ப மாட்டோம். 'ரெஃப்ஸ்/ஃபார்' என்று தொடங்கும் முகவரிக்கு அனுப்புவோம். அது ஒரு சேஞ்சாக வந்து நிற்கும். மற்றவர்கள் பார்த்து ப்ளஸ் டூ (ஒப்புதல்) கொடுத்த பிறகு சப்மிட் செய்தால்தான் ப்ராஞ்சுக்குள் போகும். ஒவ்வொரு சேஞ்சுக்கும் கமிட் செய்தியின் அடியில் சேஞ்ச் ஐடி என்று ஒரு வரி இருக்கும். இந்த வரி பின்னால் என்னைப் படுத்தியது, ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

(கெரிட் என்பது ஒரு தச்சர் மகனின் பெயர். கெரிட் ரீட்வெல்ட், நெதர்லாந்து நாட்டு மேசை நாற்காலிக்காரர், கட்டடக் கலைஞரும்கூட. பைத்தான் மொழியை உருவாக்கிய கைடோ வான் ராசம் தான் எழுதிய ரிவியூ கருவிக்கு ரீட்வெல்ட் என்று பெயர் வைத்தார். ஆண்ட்ராய்டு வேலைக்காக அதிலிருந்து கிளைத்தது கெரிட். 1924இல் ரீட்வெல்ட் உட்ரெக்ட் நகரில் கட்டிய வீட்டின் மாடியில் சுவர்களைத் தள்ளிவிட்டு மொத்தத்தையும் ஒரே கூடமாக்கிக்கொள்ளலாம். பர்மா தேக்குத் தூணில் சாய்ந்துகொண்டு இதைப் படித்தபோது கொஞ்சம் பொறாமையாக இருந்தது.)

சரி, முதல் முறை. அன்றைக்கு எங்கள் பக்கம் பராமரிப்பு மின்தடை. இன்வெர்ட்டர் மதியத்தோடு உட்கார்ந்துவிட, போன் ஹாட்ஸ்பாட்டில் வேலை. டெவ் ப்ராஞ்சை (புது வேலை நடக்கும் கிளை) ரிலீஸோடு மெர்ஜ் செய்தால், அதாவது இணைத்தால், டெஸ்ட் ஓடுமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். என் லேப்டாப்பில் மட்டும், சும்மா சோதனைக்கு. அப்புறம் வேறொரு சின்ன வேலைக்காக புஷ் (சர்வருக்கு அனுப்பும் கமாண்ட்) அடித்தேன். 'ரெஃப்ஸ்/ஃபார்' என்று அடிக்க வேண்டியதை வெறுமனே ரிலீஸ் என்று அடித்துவிட்டேன். சாதாரணமாக கெரிட் 'போடா' என்று திருப்பி அனுப்பியிருக்கும். ஆனால் நான் ப்ராஜெக்ட் ஓனர். ஒரு வருஷத்துக்கு முன் 'ஒரு அவசரத்துக்கு இருக்கட்டும்' என்று எனக்கு நானே நேரடி புஷ் உரிமையும், கூடவே ஃபோர்ஸ் புஷ் (சர்வரில் இருப்பதை மீறி எழுதுவது) உரிமையும் கொடுத்து வைத்திருந்தேன். டெவ்வில் இருந்த 31 கமிட்டும், யாரும் பார்க்காமல், அடுத்த வாரம் வாடிக்கையாளருக்குப் போக வேண்டிய ப்ராஞ்சில் போய் உட்கார்ந்தன.

இருபது நிமிஷம் கழித்துத்தான் கவனித்தேன். வேர்த்துவிட்டது. ரிவர்ட் (ஒரு கமிட்டை ரத்து செய்யும் எதிர்க் கமிட்) போடலாமா என்று ஒரு நொடி யோசித்தேன். மெர்ஜை ரிவர்ட் செய்தால் ஒரு வில்லங்கம் உண்டு: நாளைக்கு டெவ்வை முறையாக ரிலீஸில் மெர்ஜ் செய்யும்போது, 'இந்த 31 கமிட்தான் ஏற்கெனவே வந்தாயிற்றே' என்று கிட் (கெரிட்டுக்கு அடியில் இருந்து மாற்றங்களைப் பதிவு செய்யும் கருவி) அவற்றைத் தொடாது. ரிவர்ட்டையே ரிவர்ட் செய்தால்தான் அவை திரும்பும். அதனால் ரீசெட்டே சுத்தம் என்று முடிவெடுத்தேன். உண்மையில் அது காரணம் இல்லை. ரிவர்ட் போட்டால் என் தவறு ஹிஸ்டரியில் நிற்கும். ரீசெட் அடித்தால் யாருக்கும் தெரியாது. அதுதான் காரணம். லோக்கலில் ஒரு கமிட் பின்னால் போய், 'புஷ் --ஃபோர்ஸ்' அடித்தேன். போனது. அடுத்த ஐந்து நிமிஷத்தில் போனில் சார்ஜும் தீர்ந்தது. யாருக்கும் சொல்லவில்லை.

மறுநாள் காலை டெஸ்ட் டீமிலிருந்து செய்தி: போன வாரம் சரிசெய்த லாகின் பிரச்சினை இன்றைய பில்டில் அப்படியே இருக்கிறது. அதைச் சரிசெய்தது எங்கள் லீட், சென்னையில் இருக்கும் அக்கா. போன் போட்டார். "தம்பி, நேத்து மூணே முக்காலுக்கு நானே சப்மிட் பண்ணேனே. மெர்ஜ்டுன்னு போட்டிருக்கு பாருங்க."

நானும் பார்த்தேன். மெர்ஜ்டு என்றுதான் போட்டிருந்தது. என் தவறான மெர்ஜுக்கும் ஃபோர்ஸ் புஷ்ஷுக்கும் நடுவில் அந்த இருபது நிமிஷத்தில் அவர் இரண்டு சேஞ்சை சப்மிட் செய்திருக்கிறார். நான் சர்வரின் புது நிலையை ஒருமுறைகூட ஃபெட்ச் செய்து (இறக்கி) பார்க்காமல், என் லேப்டாப்பில் இருந்த பழைய நிலையைத் தூக்கி மேலே வைத்துவிட்டேன். இரண்டும் ப்ராஞ்சிலிருந்து உதிர்ந்துவிட்டன. ஆனால் கெரிட்டின் பதிவேட்டில் அந்தச் சேஞ்சுகள் முடிந்துபோனவை. ப்ராஞ்சை நாம் பின்னால் இழுத்தால் அது போய் 'மெர்ஜ்டு' என்பதை அழித்து எழுதாது. சேஞ்ச் பக்கத்தில் மூன்று புள்ளி மெனுவில் 'இன்க்ளூடட் இன்' என்று ஒன்று இருக்கிறது. அந்த கமிட் எந்தெந்த ப்ராஞ்சில் உண்மையாகவே இருக்கிறது என்று காட்டும். அன்றுதான் அதை முதன்முதலாகத் திறந்தேன். ரிலீஸ் அதில் இல்லை. அன்றிலிருந்து 'மெர்ஜ்டு' என்ற சொல்லை நம்புவதில்லை, 'இன்க்ளூடட் இன்' பார்க்கிறேன்.

நல்ல வேளை, கோட் தொலையவில்லை. ஒவ்வொரு சேஞ்சின் ஒவ்வொரு பேட்ச் செட்டையும் (பதிப்பையும்) கெரிட் 'ரெஃப்ஸ்/சேஞ்சஸ்' அடியில் தனியாக வைத்திருக்கும். ப்ராஞ்ச் எங்கே போனாலும் அது அங்கேயே இருக்கும். டவுன்லோட் மெனுவில் செர்ரி பிக் (ஒரு கமிட்டை மட்டும் எடுத்து வேறிடத்தில் வைக்கும்) கமாண்ட் தயாராகவே கிடைக்கும். எடுத்து ரிலீஸ் மேல் வைத்து ரிவியூவுக்கு அனுப்பினேன். 'சேஞ்ச் க்ளோஸ்டு' என்று திருப்பி அடித்தது. அதே சேஞ்ச் ஐடி, அதே ப்ராஞ்ச். முடிந்த கணக்கில் புது வரவு வைக்க விடாது. கமிட் செய்தியிலிருந்து சேஞ்ச் ஐடி வரியை அழித்துவிட்டு அமெண்ட் செய்தால் (கமிட்டைத் திருத்தினால்) ஹூக் (அப்போது தானாக ஓடும் சின்ன ஸ்க்ரிப்ட்) புது ஐடி போட்டுக்கொடுக்கும், அது போகும். இந்த ஒரு வரியைக் கண்டுபிடிக்க அன்று எனக்கு முக்கால் மணி நேரம் ஆனது.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். தேவகோட்டைத் தம்பியை மறந்துவிட்டேன்.

அவனும் அந்த இருபது நிமிஷத்தில் புல் (சர்வரில் இருப்பதை இறக்கித் தன் ப்ராஞ்சோடு இணைப்பது) செய்திருக்கிறான். என் கெட்ட மெர்ஜ் அவன் லேப்டாப்பில் குடியேறிவிட்டது. அதன் மேல் ஒரு கமிட் எழுதி, அடுத்த நாள் ரிவியூவுக்கு அனுப்பினான். கெரிட் மறுத்துவிட்டது. காரணம் விநோதமாக இருந்தது: என் மெயில் முகவரியைக் காட்டி, 'இது உன் கணக்கில் பதிவான முகவரி இல்லை, ஃபோர்ஜ் கமிட்டர் உரிமை உனக்குக் கிடையாது' என்றது, அதாவது பிறர் பெயரில் பதிவான கமிட்டை அனுப்பும் உரிமை. அவன் கமிட்டோடு ஒட்டிக்கொண்டு என் மெர்ஜ் கமிட்டும் புது வரவாகப் போயிருக்கிறது, அதன் கமிட்டர் நான். இந்தப் பிழையைப் பார்த்தால், உங்கள் லேப்டாப்பில் இல்லாமல் போயிருக்க வேண்டிய யாருடைய கமிட்டோ இருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். தம்பிக்கு அது தெரியவில்லை. 'கிட் ரீபேஸ் ஆரிஜின்/ரிலீஸ்' (தன் கமிட்டுகளை ஆரிஜினின், அதாவது சர்வரின், ரிலீஸ் மேல் எடுத்து வைக்கும் கமாண்ட்) அடித்தான், திரும்ப அனுப்பினான். இந்த முறை போய்விட்டது.

ரீபேஸ் என்ன செய்தது என்றால், புது ரிலீஸில் இல்லாத எல்லாவற்றையும், அதாவது அந்த 31 டெவ் கமிட்டையும், மெர்ஜைப் பிரித்து வரிசையாக அடுக்கி, அவன் கையால் புதிதாக எழுதிவிட்டது. இப்போது கமிட்டர் அவன், அதனால் தடையில்லை. மொத்தம் 32 சேஞ்ச் ரிவியூ பட்டியலில் வந்து விழுந்தன. அந்தந்த கமிட்டை முதலில் எழுதியவர்களையும் கெரிட் தானாகச் சேர்த்துக்கொள்ளும் என்பதால் எல்லோருக்கும் மெயில் மழை. இதில் இரண்டு பேர், 'ரிலீஸுக்கு பேக்போர்ட் போலிருக்கிறது' என்று, அதாவது டெவ் மாற்றங்களை வேண்டுமென்றே ரிலீஸுக்கும் கொண்டுவருவதாக நினைத்து நாலைந்துக்கு ப்ளஸ் டூவும் போட்டுவிட்டார்கள்.

"அண்ணே, நான் எதுவும் தப்பா பண்ணிட்டேனா?" என்று போனில் கேட்டான். அப்போதுதான் டீம் சாட்டில் நடந்ததை முழுதாக எழுதினேன். முந்தின நாளே எழுதியிருந்தால் பத்து வரி போதும்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது முகம் சரியில்லை என்று அப்பத்தா கேட்டார். எப்படிச் சொல்வது? பொதுவான ஒன்றை யாரிடமும் சொல்லாமல் மாற்றிவிட்டேன், எல்லோருக்கும் தொந்தரவாகிவிட்டது என்றேன். அப்பத்தா இடியாப்பத்தில் கோசமல்லியை ஊற்றிக்கொண்டே, "உங்க பெரியப்பா சாமான் அறைப் பூட்டை மாத்துனாரே, அது மாதிரியா?" என்றார். பெரியப்பா ஒருமுறை ஊருக்கு வந்தபோது பொதுச் சாமான் அறைப் பூட்டு துருவேறிவிட்டது என்று புதுப் பூட்டுப் போட்டுவிட்டு, சாவியை அப்பத்தாவிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். நல்ல எண்ணம்தான். அடுத்த மாதம் மலேசியாவிலிருந்து ஒரு பங்காளி குடும்பம் கல்யாண வேலையாக வந்து இறங்கியது. அப்பத்தா கோவிலூரில். பழைய சாவியை வைத்துத் திருகித் திருகி, கடைசியில் சாவி பூட்டுக்குள்ளேயே முறிந்தது. "பூட்டை மாத்துறது ஒரு நாழி வேலை. சாவி எத்தனை பேருட்ட இருக்குன்னு எண்ணணும்ல?" என்றார்.

இரண்டாவது முறை ரீசெட்டுக்கு உட்கார்ந்தபோது நான் முதலில் செய்தது அந்த எண்ணிக்கைதான். இந்த முறை விபத்து இல்லை. எல்லோர் வேலையும் சேரும் இன்டெக்ரேஷன் ப்ராஞ்ச் பல மாதச் சோதனைக் கமிட்களால் குப்பையாகிவிட்டது. பழைய ரிலீஸ் புள்ளியிலிருந்து புதிதாகத் தொடங்கலாம் என்று எல்லோருமாகத்தான் முடிவெடுத்தோம். ஒரு தாளில் எழுதினேன்: ஒன்பது லேப்டாப். அதில் ஒருவர் பிரசவ விடுப்பில். பில்ட் மெஷின் ஒன்று, ராத்திரி டெஸ்ட் ஓட்டும் மெஷின் ஒன்று. மெஷின்களை யாரும் எண்ணுவதில்லை. அதுவும் ஒரு க்ளோன்தான் (கோடின் முழு நகல்), அதுவும் புல் செய்யும், மெர்ஜ் ஆகித் தொலையும். இரண்டிலும் ரீசெட்டுக்குப் பிறகு வொர்க் ஸ்பேஸைத் துடைத்துவிட்டுப் புதிதாக எடுக்கச் சொல்லிவைத்தேன்.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி: ஃபோர்ஸ் புஷ் உண்மையிலேயே வேண்டுமா? பெரும்பாலும் வேண்டாம். ஃபைல்கள் பழைய நிலைக்கு வந்தால் போதும் என்றால், பழைய கமிட்டின் உள்ளடக்கத்தை எடுத்து ஒரு புதுக் கமிட்டாகப் போட்டு, எல்லோரையும் போல ரிவியூவுக்கு அனுப்பிவிடலாம். ரெப்போவின் (கோட் களஞ்சியத்தின்) மேல் மட்டத்தில் நின்று 'கிட் ரெஸ்டோர்' கமாண்டில் சோர்ஸாகப் பழைய கமிட்டைக் கொடுத்து, ஸ்டேஜ்டு, வொர்க்ட்ரீ இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். பழைய பழக்கத்தில் 'செக்அவுட்' போட்டால், இடையில் புதிதாக வந்த ஃபைல்கள் அழியாமல் அங்கேயே கிடக்கும். ரெஸ்டோர் அவற்றையும் நீக்கிவிடும். ஹிஸ்டரி முன்னோக்கியே போகிறது, யார் சாவியும் முறியாது. டெவ்வைப் பிறகு மெர்ஜ் செய்யும்போது ரிவர்ட்டில் சொன்ன அதே வில்லங்கம் இதிலும் உண்டு, அதைமட்டும் யோசித்துக்கொள்ளுங்கள். என் முதல் விபத்துக்கும் இதுதான் சரியான மருந்தாக இருந்திருக்கும். பாஸ்வேர்டு, சாவி போன்ற ரகசியம் கசிந்துவிட்டது என்று ரீசெட் செய்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அது வீண். 'ரெஃப்ஸ்/சேஞ்சஸ்' அடியில் அது அப்படியே இருக்கும். முதலில் அந்த ரகசியத்தை மாற்றுங்கள்.

எங்களுக்கு ஹிஸ்டரியே புதிதாக வேண்டியிருந்தது, அதனால் ரீசெட். இரண்டு நாள் முன்பே சாட்டில் நாளும் நேரமும் சொன்னேன். அந்த ப்ராஞ்சில் திறந்திருக்கும் சேஞ்சுகளைத் தேடலில் எடுத்தேன், பதினான்கு. ஒவ்வொன்றுக்கும் உரியவரிடம் கேட்டு, ஆறு அபாண்டன் (கைவிட வேண்டியவை), எட்டு பிழைக்க வேண்டியவை. ஒருவர், 'ப்ராஞ்சை டெலீட் செய்துவிட்டு அதே பெயரில் புதிதாக உருவாக்கலாமே, ஃபோர்ஸே வேண்டாமே' என்றார். திறந்த சேஞ்ச் ஒன்று இருந்தாலும் கெரிட் டெலீட் செய்ய விடாது. விடாததும் நல்லதுதான்.

முந்தின நாள் மாலை, ஆக்சஸ் பக்கத்தில் அந்த ஒரு ப்ராஞ்சுக்கு மட்டும் சப்மிட் உரிமையை ப்ளாக் செய்தேன். முதல் முறை இருபது நிமிஷ இடைவெளிதான் என்னைக் கவிழ்த்தது. இப்போது இடைவெளியில் எதுவும் நுழைய முடியாது. ரிவியூ நடக்கலாம், சப்மிட் மட்டும் கிடையாது.

ப்ளாக் போட்ட பிறகு எனக்கு வேலையில்லை. வளவில் நாலு கல் உடைந்திருந்தது, அதே பூவேலைக் கல் வாங்க ஆத்தங்குடிக்குப் போனேன். பெரியவர் ஒருவர் கண்ணாடித் தகட்டின் மேல் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ அச்சை வைத்து, கரண்டியால் நிறக் குழம்பைக் கட்டம் கட்டமாக ஊற்றிக்கொண்டிருந்தார். மஞ்சள், பச்சை, செங்காவி. ஒரு துளிகூட அடுத்த கட்டத்துக்குத் தெறிக்கவில்லை. அச்சை நேர் மேலாகத் தூக்கினார். நிறங்கள் அப்படியே நின்றன. மேலே உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, அப்புறம் ஈரக் கலவை போட்டு அழுத்தினார். நல்ல முகம் கண்ணாடிப் பக்கம் இருப்பதால் கல் எப்படி வந்திருக்கிறது என்று அவருக்கே அப்போது தெரியாது. அரை மணி நேரம் நின்று பார்த்தேன்.

மறுநாள் காலை. முதல் வேலை, 'எல்எஸ்-ரிமோட்' போட்டு சர்வரில் ப்ராஞ்ச் இப்போது நிற்கும் கமிட்டின் ஹாஷை (அடையாளக் குறியை) எடுத்து, சாட்டில் எல்லோரும் பார்க்க ஒட்டியது. அடுத்து, அதே கமிட்டுக்கு ஒரு டேக் (நகராத பெயர்ச் சீட்டு) போட்டு சர்வருக்கு அனுப்பியது. என் லேப்டாப்பில் ரெஃப்லாக் (ப்ராஞ்ச் நகர்ந்ததன் பதிவேடு) இருக்கும், ப்ராஞ்சிலிருந்து உதிர்ந்த கமிட்டுகளைக்கூட முப்பது நாள் வரை நினைவில் வைத்திருக்கும். சர்வரில் இருப்பது 'பேர்' ரெப்போ, ஹிஸ்டரி மட்டும் உள்ள, யாரும் உள்ளே வேலை செய்யாத ரெப்போ; அதில் இயல்பாக ரெஃப்லாக் கிடையாது. சேஞ்சுகளுக்காவது தனி ரெஃப் (கமிட்டைச் சுட்டும் பெயர்) இருக்கிறது. சப்மிட் நேரத்தில் கெரிட் தானாகச் செய்த மெர்ஜ் கமிட்டுகளைப் பிடித்து வைக்க ப்ராஞ்சைத் தவிர வேறெதுவும் இல்லை. அந்த டேக்தான் கயிறு.

பிறகு எனக்கு ஃபோர்ஸ் உரிமை. அந்த ஒரு ப்ராஞ்சுக்கு மட்டும், அந்த ஒரு மணி நேரத்துக்கு மட்டும். முதல் விபத்துக்குப் பிறகு பழைய உரிமையை நானே எடுத்துப் போட்டிருந்தேன்.

புஷ் செய்தது 'ஃபோர்ஸ்' இல்லை, 'ஃபோர்ஸ்-வித்-லீஸ்'. அதிலும் வெறுமனே போடாமல், ப்ராஞ்ச் பெயரையும் சாட்டில் ஒட்டிய ஹாஷையும் சேர்த்துக் கொடுத்தேன். 'சர்வரில் ப்ராஞ்ச் சரியாக இந்த ஹாஷில் நின்றால் மட்டும் மாற்று, இல்லையென்றால் விட்டுவிடு' என்று அர்த்தம். ஹாஷ் கொடுக்காவிட்டால் உங்கள் லேப்டாப்பின் ஆரிஜின் நிலையோடு ஒப்பிடும். நாம் பயன்படுத்தும் எடிட்டர்கள் பல பின்னணியில் தானாக ஃபெட்ச் செய்யும்; நீங்கள் கண்ணால் பார்க்காத புதுக் கமிட்டையும் பார்த்ததாகக் கணக்கு வைத்துக்கொண்டு லீஸ் அனுமதித்துவிடும். ஹாஷை எழுதிவிட்டால் அந்த வம்பில்லை.

பத்து நொடி. திரும்ப 'எல்எஸ்-ரிமோட்', சரியான ஹாஷ். ஃபோர்ஸ் உரிமையை எடுத்தேன். எட்டுத் திறந்த சேஞ்சுக்கும் வெப் பக்கத்து ரீபேஸ் பொத்தானை அழுத்தினோம். சேஞ்சின் சொந்தக் கமிட்டை மட்டும் எடுத்துப் புது நுனியில் வைக்கும், பழைய குப்பையை இழுத்து வராது. ஒன்று மோதியது, அதை உரியவர் கையால் சரிசெய்தார். உதிர்ந்துபோன, ஆனால் 'மெர்ஜ்டு' என்றே காட்டும் சேஞ்சுகள் ஒவ்வொன்றிலும் ஒரு கமெண்ட்: 'இன்ன தேதி ரீசெட்டில் ப்ராஞ்சிலிருந்து நீக்கப்பட்டது, டேக்கில் இருக்கிறது'. இது சலிப்பான வேலை, தம்பி ஒரு ஸ்க்ரிப்ட் எழுதி முடித்தான்.

சாட்டில் போட்ட செய்தியில் 'புல் செய்யாதீர்கள்' என்பதை முதல் வரியாக வைத்தேன். கையில் வேலை இல்லாதவர்கள் ஃபெட்ச் செய்து, ஆரிஜின் நிலைக்கு ஹார்டு ரீசெட் (ஃபைல்களையும் சேர்த்து அதே நிலைக்கு மாற்றுவது). கையில் கமிட் வைத்திருப்பவர்கள் ரீபேஸில் 'ஆன்டூ' சேர்த்து, புது ஆரிஜின், அப்புறம் தங்கள் வேலை எந்தக் கமிட்டுக்கு மேல் தொடங்கியதோ அந்தப் பழைய ஹாஷ், அப்புறம் தங்கள் ப்ராஞ்ச் என்று மூன்றையும் கொடுக்க வேண்டும். அப்போதுதான் தங்கள் கமிட் மட்டும் நகரும். தம்பிக்கு நடந்தது நடக்காது. செய்தவர்கள் பெயருக்கு நேராக டிக் போடச் சொன்னேன். மாலைக்குள் எட்டு டிக். மெஷின் இரண்டுக்கும் நானே போட்டேன். அப்புறம்தான் சப்மிட் ப்ளாக்கை எடுத்தேன்.

ஒன்பதாவது டிக் இரண்டரை மாதம் கழித்து விழுந்தது. பிரசவ விடுப்பிலிருந்து திரும்பியவர் முதல் நாள் காலை செய்தி அனுப்பினார்: "ரொம்ப நாள் ஆச்சு, புல் பண்ணிட்டு ஆரம்பிக்கவா?"

"ஒரு நிமிஷம் இருங்க" என்று எழுதிவிட்டு, அந்தப் பழைய செய்தியைத் தேடி எடுத்தேன்.